கூண்டில் நின்ற பேராசிரியர்: சோவியத் திரையில் ரஷ்ய அறிவுஜீவிகள்

1925-இல் எடுக்கப்பட்ட ஐசன்ஸ்டைனின் ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ படத்தில் இரண்டு மூக்குக்கண்ணாடிகள் முக்கியமானவை. இரண்டும் காதில் மாட்டாமல் மூக்கைக் கவ்வி நிற்கும் பழைய பாணிக் கண்ணாடிகள். முதலாவது கப்பல் மருத்துவருடையது. மாலுமிகளுக்குச் சமைக்க வந்த இறைச்சியில் புழு நெளிகிறது. மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி, இரண்டாக மடித்து, பூதக்கண்ணாடியாகப் பிடித்துப் பார்க்கிறார். திரை நிறையப் புழு தெரிகிறது. இறைச்சி நல்லதுதான் என்று சொல்லிவிட்டுப் போகிறார். கலகம் வெடித்து அவரைக் கடலில் தூக்கி எறிந்த பிறகு, அந்தக் கண்ணாடி மட்டும் கப்பல் கயிற்றில் தொங்கி ஆடுகிறது. இரண்டாவது கண்ணாடி ஒடெஸ்ஸா படிக்கட்டில் வரும் ஒரு பெண்ணுடையது. பார்த்தால் பள்ளி ஆசிரியை போல இருப்பாள். சுட்டுக்கொண்டே இறங்கி வரும் சிப்பாய்களிடம் கெஞ்சிக் கேட்டுப் பார்க்கலாம் என்று, பயந்து ஒடுங்கிக் கிடப்பவர்களைத் திரட்டிக்கொண்டு மேலே ஏறுகிறாள். சற்று நேரத்தில் அவள் கண்ணாடி உடைந்து, கண்ணிலிருந்து இரத்தம் வழிகிறது.

கண்ணால் கண்டும் பொய் சொன்னவர் ஒருவர். பேச்சுக்குப் பலன் உண்டு என்று நம்பிச் சிதைந்தவள் ஒருத்தி. படித்தவர்கள்மீது புரட்சிக்கு இருந்த கோபமும் இரக்கமும் ஒரே படத்துக்குள் வந்துவிட்டன. அதற்குப் பின் வந்த அறுபது ஆண்டுப் படங்களைத் தொடர்ந்து பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. சோவியத் சினிமாவில் விவசாயியும் தொழிலாளியும் சிப்பாயும் தாங்கள் யார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. அறிவுஜீவி மட்டும் நிரூபிக்க வேண்டியிருந்தது. ‘நீ யார் பக்கம்?’ என்ற கேள்வி அவரை விட்டு நீங்கவே இல்லை. காலத்துக்குக் காலம் மாறியது கேள்வி கேட்கும் இடத்தில் இருந்தவர் மட்டுமே.

இதில் வேதனையான முரண் ஒன்று உண்டு. இந்தப் படங்களை எடுத்தவர்களும் அதே படித்த வர்க்கத்தினர். ஐசன்ஸ்டைன் ரிகா நகரத்துக் கட்டடக் கலைஞரின் மகன், கட்டடப் பொறியியல் படித்தவர். ஆகவே இந்தப் படங்களை அறிவுஜீவிகள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதி, மேலிடம் திருத்திக் கொடுத்த வாக்குமூலங்களாகவே படிக்க வேண்டும் என்பது என் துணிபு.

திருத்தும் கை எவ்வளவு வலிமையானது என்பதற்கு வரலாறு சான்று. 1922 இலையுதிர்காலத்தில் பெர்தியாயெவ், பிராங்க், லோஸ்கி போன்ற தத்துவ அறிஞர்கள் பெட்ரோகிராடிலிருந்து ஜெர்மன் கப்பல்களில் நாடு கடத்தப்பட்டார்கள். 1928-இல் ஷாக்தி சுரங்கப் பொறியாளர்கள்மீதும், 1930-இல் ‘தொழில் கட்சி’ என்ற பெயரில் மாஸ்கோ வல்லுநர்கள்மீதும் நாசவேலை வழக்குகள் நடந்தன. திரை அந்த வழக்குகளின் மொழியைத் தனதாக்கிக்கொண்டது. எர்ம்லரும் யுத்கேவிச்சும் 1932-இல் எடுத்த ‘எதிர்த்திட்டம்’ படத்தில், விசையாழி வரைபடத்தில் உள்ள பிழையைக் கண்டும் வாய் திறக்காத பழைய பொறியாளர் வருகிறார். பொட்டெம்கின் மருத்துவர் புழுவைப் பார்த்துவிட்டு இல்லை என்றார். இவர் பிழையைப் பார்த்துவிட்டுப் பேசாமலே இருந்துவிட்டார். ஆனால் இந்தப் படம் வந்தபோதே காற்று திசை மாறத் தொடங்கியிருந்தது. பழைய தொழில்நுட்ப வல்லுநர்களை எல்லாம் எதிரிகளாகப் பார்க்கக் கூடாது என்று 1931 ஜூனில் ஸ்டாலின் பேசியிருந்தார். தொழிற்சாலைகள் ஓட வேண்டும், அதற்குக் கணக்குத் தெரிந்தவர்கள் வேண்டும். இனித் திரைக்கும் நல்ல பேராசிரியர் ஒருவர் தேவைப்பட்டார்.

அவர் 1936-இல் எடுக்கப்பட்ட ‘பால்டிக் பிரதிநிதி’ படத்தில் வந்தார். ஸார்ஹியும் ஹெய்ஃபித்ஸும் இயக்கிய இந்தப் படத்தின் பேராசிரியர் பொலெஷாயெவ், தாவரவியல் அறிஞர் திமிர்யாஸெவை முன்மாதிரியாகக் கொண்டவர். திமிர்யாஸெவ் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கௌரவப் பட்டம் பெற்றவர். புரட்சியை வெளிப்படையாக ஆதரித்து, மாஸ்கோ சோவியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1920-இல் மறைந்தார். படத்தில் இடம் பெட்ரோகிராடுக்கு மாறுகிறது, அவரைத் தேர்ந்தெடுத்த தொழிலாளர்களின் இடத்தில் மாலுமிகள் வருகிறார்கள். நடித்தவர் நிக்கோலாய் செர்காசவ். அப்போது அவருக்கு முப்பத்து மூன்று வயது, பாத்திரத்துக்கு எழுபத்தைந்து. கூன் விழுந்த நெடிய உடல், துள்ளும் நடை, கீச்சென்று உயரும் குரல், பிள்ளைத்தனமான பிடிவாதம். அதே ஆண்டு ‘கேப்டன் கிராண்டின் பிள்ளைகள்’ படத்தில் ஞாபகமறதி பூகோள அறிஞர் பாகனெலாகவும் அவரே நடித்தார். விளையாட்டுத்தனமும் மேதைமையும் கலந்த அந்தக் கிழவர் உருவம் நெடுநாள் சோவியத் மக்களின் மனத்தில் ‘பேராசிரியர்’ என்றால் இப்படித்தான் என்று பதிந்து போனது.

படத்தின் உயிர் பிறந்தநாள் காட்சியில் இருக்கிறது. எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்கு மேசையில் விருந்து பரப்பிவைத்துக் காத்திருக்கிறார் பொலெஷாயெவ். போல்ஷெவிக்குகளை ஆதரித்ததற்காகச் சக பேராசிரியர்கள் அவரைத் தள்ளி வைத்துவிட்டார்கள். ஒருவரும் வரவில்லை. முதிய தம்பதி இருவரும் தனியாகப் பியானோ முன் அமர்கிறார்கள். பிறகு தொலைபேசி ஒலிக்கிறது, அழைத்தவர் லெனின். பிரசாரம்தான், மறுக்க முடியாது. ஆனால் அந்தக் காலி நாற்காலிகளை இன்று பார்த்தாலும் மனம் கனக்கிறது. அரசு கேட்டது அறிவுஜீவி மாறிய கதையை. இயக்குநர்கள் அதற்கு அவர் கொடுத்த விலையையும் சேர்த்துக் காட்டினார்கள். தன் இனத்தாரால் கைவிடப்பட்டவனின் தனிமை அரசியலைத் தாண்டி நிற்கிறது. படம் திரைக்கு வந்த 1937-இல் உண்மையான பல பேராசிரியர்களின் வீட்டில் தொலைபேசிக்குப் பதிலாக நள்ளிரவில் கதவு தட்டப்பட்டது என்பதையும் மறக்க முடியாது.

செர்காசவையே தொடர்ந்து போனால் அந்தக் காலத்தின் வரைபடம் கிடைத்துவிடும். 1939-இல் மிகாயில் ரோம் இயக்கிய ‘1918-இல் லெனின்’ படத்தில் அவர் எழுத்தாளர் மாக்ஸிம் கார்க்கி. கைதான ஓர் அறிஞருக்காகப் பரிந்து பேச வருகிறார் கார்க்கி. இரக்கத்தின் சங்கிலி உங்களைக் கட்டிப் போட்டிருக்கிறது என்ற தொனியில் லெனின் வாதிட, கார்க்கி தலையசைத்து ஏற்கிறார். நிஜத்தில் கார்க்கி அப்படி ஏற்றுக்கொள்ளவில்லை. 1919-இல் அறிஞர்களின் கைதை எதிர்த்து அவர் எழுதிய கடிதத்துக்கு லெனின் மிகக் கடுமையான பதில் எழுதினார். 1921-இல் கார்க்கி ரஷ்யாவை விட்டு வெளியேறினார். படம் வந்தபோது அவர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன; மறுத்துப் பேச ஆளில்லை. மற்றவர்களுக்காகப் பரிந்து பேசுவது ரஷ்ய அறிவுஜீவியின் மிகப் பழைய கடமை. அந்தக் கடமையையே பலவீனமாகக் காட்டியது இந்தப் படத்தின் பெரிய பாவம்.

வேறு மாதிரி ஒரு குரலும் அந்நாளில் எழுந்தது. யூரி ஒலேஷா எழுதி ஆப்ரம் ரூம் இயக்கிய ‘கண்டிப்பான இளைஞன்’, தூண்கள் சூழ்ந்த மாளிகையில் வாழும் ஓர் அறுவைச் சிகிச்சை மேதையையும், அவர் மனைவியைக் காதலிக்கும் கம்யூனிஸ்ட் இளைஞனையும் எதிரெதிரே நிறுத்தியது. சமத்துவம் வந்த பிறகும் மேதைக்குத் தனி இடம் உண்டா என்று கேட்டது. 1936-இல் தடை செய்யப்பட்டுப் பல பத்தாண்டுகள் பெட்டிக்குள் கிடந்தது. இதே ரூம் பின்னாளில் எடுத்த படத்தைப் பார்க்கும்போதுதான் அந்தத் தடை ஒரு மனிதரை என்ன செய்திருக்கும் என்பது புரியும்.

போருக்குப் பின் வாழ்க்கை வரலாற்றுப் படங்களின் காலம். மொத்தத்தில் ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்கே படங்கள் வந்த அந்நாளில் பிரகோவ், மிச்சூரின், பாவ்லவ், பொப்போவ், ஜுகோவ்ஸ்கி, முஸோர்க்ஸ்கி என்று அறிஞர்களும் கலைஞர்களும் வரிசையாகத் திரையேறினார்கள். வானொலி கண்ட பொப்போவாகவும், முஸோர்க்ஸ்கியின் நண்பரான விமர்சகர் ஸ்டாஸவாகவும் மறுபடி செர்காசவ். வெண்கலச் சிலைகள் பேசுவது போல இருக்கும் இந்தப் படங்களை அதிகம் ஆராய வேண்டியதில்லை. இரண்டைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும். கிரிகோரி ரோஷலின் ‘அகாடமிஷியன் இவான் பாவ்லவ்’ (1949), நாட்டுப்பற்று மிக்க விஞ்ஞானியைக் காட்டுகிறது. அதே பாவ்லவ் 1934 டிசம்பரில் அரசின் வன்முறையைக் கண்டித்து அரசுத் தலைமைக்கே கடிதம் எழுதியவர். திரையில் அந்தப் பாவ்லவ் இல்லை. இரண்டாவது, பழமர வளர்ப்பாளர் மிச்சூரினைப் பற்றிய தவ்ஷென்கோவின் ‘மிச்சூரின்’. 1948 ஆகஸ்டில் வேளாண் அறிவியல் அகாடமிக் கூட்டத்தில் வேளாண் விஞ்ஞானி லைசென்கோ மரபியலை ஒழித்துக்கட்டிய வேளையில், தவ்ஷென்கோ தன் கவிதை போன்ற படத்தைத் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டியதாயிற்று. வெளிவந்த படத்தில் படிப்பாளிப் பேராசிரியர்கள் மண்ணை அறியாத வீண் மனிதர்கள். உண்மையில் மண்ணையும் விதையையும் உலகம் முழுக்கத் தேடி அலைந்த மரபியல் அறிஞர் நிக்கோலாய் வாவிலவ், 1943 ஜனவரியில் சராத்தவ் சிறையில் இறந்துபோயிருந்தார்.

‘கண்டிப்பான இளைஞன்’ எடுத்த ஆப்ரம் ரூமின் ‘கௌரவ நீதிமன்றம்’ 1949-இல் வந்தது. அதன் பின்னணி க்ளூயேவா, ரோஸ்கின் என்ற இரு விஞ்ஞானிகள். புற்றுநோய் மருந்து பற்றிய கையெழுத்துப் பிரதி அமெரிக்கர்களிடம் போய்விட்டது என்ற குற்றச்சாட்டில் 1947-இல் சுகாதார அமைச்சகத்தில் பகிரங்க விசாரணை நடந்தது. பிரதியை எடுத்துச் சென்ற மருத்துவ அறிஞர் பாரின் 1953 வரை சிறையில் கிடந்தார். படத்தில் விஞ்ஞானிகள் மேடையில் நிற்கிறார்கள், அரங்கம் நிறைய ஆட்கள், குற்றச்சாட்டு வாசிக்கப்படுகிறது. அறிவுஜீவி கூண்டில் நிற்பதை இத்தனை நாள் உருவகமாகச் சொல்லிவந்த சினிமா, இங்கே நிஜக் கூண்டையே கட்டிவிட்டது. படத்துக்கு ஸ்டாலின் பரிசும் கிடைத்தது.

ஒரு வகை அறிவுஜீவிமீது மட்டும் சந்தேகத்தின் நிழல் விழவே இல்லை: கிராமத்துக்குப் போன ஆசிரியை. மார்க் தன்ஸ்கோயின் ‘கிராமத்து ஆசிரியை’ (1947) படத்தில், பட்டணத்தை விட்டு சைபீரியச் சிற்றூருக்குப் போய் அங்கேயே முதுமை அடையும் வர்வாராவாக வேரா மரேத்ஸ்கயா நடித்தார். தாடி வைத்த பேராசிரியரிடம் கேட்ட கேள்வியை அவளிடம் யாரும் கேட்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலே ரஷ்யாவில் ஊர் மருத்துவரும் ஊர் ஆசிரியரும் மக்களுக்குக் கடன் தீர்க்கச் சென்றவர்கள்; கடன் தீர்த்தவர்களுக்கு விசாரணை இல்லை. அதோடு அவள் பெண். தன் கருத்துக்காக வாதாடும் பெண் அறிஞரை இந்தச் சினிமா அரிதாகவே கற்பனை செய்தது. ‘வசந்தம்’ (1947) படத்தில் லியுபோவ் ஓர்லவா நடித்த சூரிய ஆற்றல் விஞ்ஞானி நிகிதினாகூட, மனம் இளகிச் சிரிக்கக் கற்றுக்கொள்வதையே சாதனையாகக் காட்டும் கதைக்குள் அடைபட்டவள்தான்.

ஸ்டாலின் இறந்தபின் திரை மூச்சு விட்டது. அந்த மூச்சை முதலில் முழுதாக உணர்த்திய படம் ‘ஓர் ஆண்டின் ஒன்பது நாட்கள்’ (1962). இயக்குநர், கார்க்கியைத் தலையசைக்க வைத்த அதே மிகாயில் ரோம். இடையில் சில ஆண்டுகள் படமே எடுக்காமல் இருந்துவிட்டு, அறுபது வயதில் தன் பாணியை மாற்றிக்கொண்டு வந்தார். அணு இயற்பியலாளர் கூசெவாக அலெக்ஸெய் பதாலவ். ஏற்கெனவே கதிர்வீச்சுக்கு ஆளான அவர், இன்னொரு முறை பட்டால் உயிர் தப்பாது என்று தெரிந்தும் ஆய்வைத் தொடர்கிறார். நண்பர் குலிக்கவாக ஸ்மக்துனோவ்ஸ்கி. மனிதகுலம் அப்படியொன்றும் முன்னேறிவிடவில்லை என்று கிண்டலடிக்கும் கோட்பாட்டு இயற்பியலாளர் அவர். இருவருக்கும் நடுவில், இருவரும் நேசிக்கும் லியோலியா.

பழைய இலக்கணப்படி இதில் ஒருவர் சரி, ஒருவர் தவறு என்றிருக்க வேண்டும். நம்பிக்கையோடு உழைப்பவர் நாயகர், சந்தேகிப்பவர் வில்லன். ரோம் அப்படிச் செய்யவில்லை. குலிக்கவின் கிண்டலில் அறிவு இருக்கிறது, அன்பும் இருக்கிறது. கூசெவ் அவரை மனதார நேசிக்கிறார். சந்தேகப்படுபவனும் நம்மவன்தான் என்று சோவியத் சினிமா இவ்வளவு அழுத்தமாகச் சொன்னது இதுவே முதன்முறை என்பேன். கேள்வி கேட்பவரும் மாறிவிட்டார். கட்சிச் செயலாளருக்குப் பதில் இயற்கை கேட்கிறது, சாவு கேட்கிறது. அண்ணாந்து பார்க்க வைக்கும் உயரத்துக்கு வெறுஞ்சுவர்கள், நீண்ட தாழ்வாரங்கள், மனிதர்களைச் சிறிதாக்கும் இயந்திரங்கள். அவற்றின் நடுவே இவர்கள் சாப்பிட்டுக்கொண்டே வாதாடுகிறார்கள். சாவின் விளிம்பில் கூசெவ் எழுதி அனுப்பும் சீட்டில்கூட உபதேசம் இல்லை. மருத்துவமனையிலிருந்து நழுவி உணவகத்துக்குப் போகும் யோசனைதான் இருக்கிறது.

இந்தச் சுதந்திரத்துக்கும் எல்லை இருந்தது. மார்லென் ஹூத்ஸியெவின் ‘இலியிச் வாயில்’ படத்தில், போரில் மாண்ட தந்தையின் உருவத்திடம் எப்படி வாழ்வது என்று மகன் கேட்கிறான். மகனைவிட வயதில் இளையவராகச் செத்துப்போன தந்தையிடம் பதில் இல்லை. 1963 மார்ச்சில் குருஷ்சேவ் இந்தக் காட்சியைப் பகிரங்கமாகச் சாடினார். படம் வெட்டித் திருத்தப்பட்டு, ‘எனக்கு இருபது வயது’ என்ற பெயரில் 1965-இல் வந்தது. பாலிடெக்னிக் அருங்காட்சியக அரங்கில் அக்மதூலினா, யெவ்துஷென்கோ, வஸ்னெசென்ஸ்கி, ஒகுஜவா ஆகியோர் கவிதை வாசிக்க, இளைஞர் கூட்டம் கேட்கும் நீண்ட பகுதி அதில் உண்டு. ஒரு தலைமுறை தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்ட பகுதி அது.

1970-களில் விசாரணை வீட்டுக்குள் வந்துவிடுகிறது. கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒருவரே. மருத்துவராகப் பயின்று இயக்குநரான இலியா அவெர்பாஹ் ‘தனிமொழி’ (1972) படத்தில், நிறுவனத் தலைமையை விட்டு மீண்டும் ஆய்வுக்குத் திரும்பும் முதிய பேராசிரியர் ஸ்ரெதென்ஸ்கியைக் காட்டினார். தகரச் சிப்பாய் பொம்மைகள் சேர்க்கும், பேத்தியிடம் தோற்றுப்போகும் அவரிடம் பொலெஷாயெவின் சாயல் உண்டு. ஆனால் லெனினின் தொலைபேசி இனி வராது. ஜார்ஜி தனேலியாவின் ‘இலையுதிர்கால மராத்தான்’ (1979) இன்னும் ஆழமாகப் போகிறது. லெனின்கிராடின் மொழிபெயர்ப்பாளர் புசிகினுக்கு ‘முடியாது’ என்று சொல்ல வராது. மனைவியிடமும் பொய், காதலியிடமும் பொய். திறமையற்ற சக ஊழியையின் மொழிபெயர்ப்பைத் தானே செய்து கொடுக்கிறார். அண்டை வீட்டுக்காரர் ஊற்றும் வோட்காவைக் குடிக்கிறார். காலையில் டென்மார்க் பேராசிரியரோடு விருப்பமில்லாமல் ஓடுகிறார். கைகொடுக்கக் கூடாது என்று உறுதி பூண்ட மனிதருக்கும் கடைசியில் கை நீட்டிவிடுகிறார்.

எழுதியவர் அலெக்ஸாண்டர் வலோதின், நடித்தவர் ஒலெக் பசிலாஷ்விலி. படத்தில் அரசியல் பேச்சு ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் அந்த நீளும் கையில் ப்ரெஷ்னெவ் காலத்துப் படித்தவர்களின் முழு அரசியலும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பெரிய கொடுமை எதையும் அவர்கள் செய்யவில்லை. சின்னச் சின்ன இணக்கங்களால் நாட்களை நிரப்பினார்கள். நல்ல குணமே குற்றமாக மாறும் புள்ளியை இவ்வளவு பரிவோடு தொட்ட படம் உலக சினிமாவிலேயே குறைவு. அதே ஆண்டு தார்க்கோவ்ஸ்கியின் ‘ஸ்டாக்கர்’ எழுத்தாளரையும் பேராசிரியரையும் பெயரில்லாமல், தொழிலை மட்டும் பெயராக்கி, ஆசைகளை நிறைவேற்றும் அறையின் வாசல் வரை நடத்திச் சென்றது. இருவரும் உள்ளே போகவில்லை. தங்கள் உள்ளத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க இருவருக்கும் துணிவில்லை.

இதற்கிடையே மக்கள் கூட்டம் வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டது. ‘மாஸ்கோ கண்ணீரை நம்புவதில்லை’ (1980) படத்தைச் சோவியத் நாட்டில் 8 கோடிப் பேருக்கும் மேல் பார்த்தார்கள், ஆஸ்கரும் கிடைத்தது. அதன் நாயகன் கோஷா, ஆய்வு நிறுவனம் ஒன்றில் கருவிகள் செய்யும் கைவினைத் தொழிலாளி. அறிஞர்கள் அவனைச் சூழ்ந்துகொண்டு, நீ இல்லாவிட்டால் எங்கள் ஆய்வுப் பட்டம் இல்லை என்று புகழ்கிறார்கள். படித்தவன், உழைப்பாளி, ஆண்பிள்ளை எல்லாம் அவன் ஒருவனே. அவனாக நடித்தவர் பதாலவ். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் அணு இயற்பியலாளராக நாட்டின் இளைஞர்களை ஆய்வகத்துக்கு அழைத்த அதே முகம். பொறியாளருக்கு 120 ரூபிள் சம்பளம் என்பது கேலிப் பேச்சாகிவிட்ட நாட்டில், விஞ்ஞானியின் ஒளி மங்கியதை இந்த நடிகர் தேர்வைவிடத் துல்லியமாகக் காட்டும் சான்று வேறில்லை.

திரையில் வராதவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். ராக்கெட் மேதை கரல்யோவின் பெயரே 1966-இல் அவர் இறக்கும்வரை இரகசியம். 1972-இல் ‘நெருப்பை அடக்குதல்’ படத்தில் அவர் கதை வேறு பெயரில் வந்தது. 1938-இல் கைதாகிக் கலிமா கட்டாய உழைப்பு முகாமில் கிடந்த பகுதி அதில் இல்லை. அரசோடு வாதிட்ட இயற்பியலாளர் சாகரவ் 1980 ஜனவரியில் உள்நாட்டிலேயே கார்க்கி நகரத்துக்கு ஒதுக்கி அனுப்பப்பட்டார். அவரைப் போன்ற ஒரு பாத்திரத்தை எழுத அப்போது எந்தக் கதாசிரியருக்கும் வழியில்லை. முகாம்களிலிருந்து மீண்டவர்கள் 1987-இல்தான் ‘1953-இன் குளிர்ந்த கோடை’ படத்தில் முழு உருவம் பெற்றார்கள். அதில் தண்டனையாகத் தொலைவூருக்கு அனுப்பப்பட்ட பொறியாளராக நடித்த அனத்தோலி பபானவுக்கு அதுவே கடைசிப் படம்.

1988 நவம்பரில் தொலைக்காட்சியில் வந்த விளாதிமிர் பர்த்கோவின் ‘நாயின் இதயம்’ விசாரணையையே தலைகீழாக்கியது. புல்ககோவ் 1925-இல் எழுதிய கதை சோவியத் நாட்டில் அச்சேறியதே 1987-இல்தான். யெவ்ஸ்திக்னெயெவ் நடித்த பேராசிரியர் பிரெயோபிரஷென்ஸ்கி, ஏழு அறை வீட்டை விட்டுக்கொடுக்க மறுத்து, குடியிருப்புக் குழுவினரை வாசலிலிருந்தே விரட்டுகிறார். பொலெஷாயெவ் மாலுமிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டார். ஐம்பது ஆண்டு கழித்து இவர் சாத்துகிறார். நாடே அவர் பக்கம் நின்று ஆரவாரித்தது. இப்போது கூண்டில் நிற்பவன் ஷாரிகவ், அறுவைச் சிகிச்சையால் நாயிலிருந்து மனிதனான பாட்டாளி.

அந்தக் கைதட்டலின் காரணம் எனக்குப் புரிகிறது. அறுபது ஆண்டு வாங்கிய அடிக்குப் பதில் அது. ஆனாலும் படம் பேராசிரியரை மூலக்கதையைவிட மிகவும் கழுவித் துடைத்துவிட்டது என்றே நினைக்கிறேன். புல்ககோவின் பேராசிரியர் பணக்காரக் கிழவர்களுக்கு இளமை விற்றுச் சம்பாதிப்பவர். ஷாரிகவை உண்டாக்கியதும் அவர் கத்திதான். மறுபடி நாயாக்கியதும் அதே கத்திதான். படம் தொடங்கும்போது பனித்தெருவில் வெந்நீர் பட்டு வெந்து கிடக்கும் நாய், தன் நிலையைப் பற்றி நமக்குத் தன் குரலிலேயே பேசுகிறது. அறிவோடும் வலியோடும் பேசுகிறது. மனிதனாக்கப்பட்ட பிறகு அந்தக் குரல் எங்கே போயிற்று என்று பேராசிரியரிடம் படம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.